மஞ்சள், வல்லாரை, கற்றாழை: சோதனைக் குப்பியில் முந்துவது புண்ணிலும் முந்துமா?

மூலிகைச் சாற்றின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றலை, அதாவது திசுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் திறனை அளக்க, ஆய்வகங்களில் பெரும்பாலும் முதலில் கையிலெடுப்பது டிபிபிஹெச் சோதனை. அடர் ஊதாக் கரைசலில் சாற்றை விட்டு, இருட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். வீரியமுள்ள சாறு என்றால் ஊதா கரைந்து வெளிர்மஞ்சள் தெளியும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. மஞ்சளின் குர்குமின் இதில் எளிதாக முந்திவிடும். கற்றாழைச் சோறு பின்தங்கிவிடும். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தானே.

இந்த வரிசையை அப்படியே புண்ணுக்குப் பொருத்துவதுதான் தவறு. காயம் பட்டதும் அங்கே விரையும் வெள்ளணுக்கள், கிருமியைக் கொல்ல ஆக்சிஜன் தனியுறுப்புகளை (எதையும் தாக்கிச் சிதைக்கும் துடிப்பான மூலக்கூறுகளை) வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. அந்தச் சண்டை நடந்தே ஆக வேண்டும். நாள்கணக்கில் ஓயாமல் நீடித்தால்தான் புதுத் திசுவும், அதைத் தாங்கும் புரதமான கொலாஜனும் சேர்ந்து சிதைகின்றன. சர்க்கரை நோயாளிகளின் ஆறாப் புண்களில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. ஆகவே ஒரு சாறு புண்ணில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது, எந்தக் கட்டத்தில் உதவுகிறது என்று பார்ப்பதே முறை.

மஞ்சள் சறுக்குவது இங்கேதான். குர்குமின் தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதையும். உடல் வெப்பத்தில், 7.2 பிஹெச் உள்ள, அதாவது லேசான காரத்தன்மை கொண்ட வெறும் தாங்கற்கரைசலில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசலில்), அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம் அழிந்துவிடுகிறது. நாள்பட்ட புண்களோ பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. அதனால்தான் அதை லிப்போசோம் என்ற கொழுப்பு நுண்குமிழிலும் கொலாஜன் படலத்திலும் பொதிந்து தர முயல்கிறார்கள். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர் எதிர்த்ததால் 1997-இல் ரத்தானது. அந்தப் பயன்பாடு புதிதல்ல என்பதே காரணம். எவ்வளவு ஆற்றும் என்ற கேள்வி அங்கே தீரவில்லை. சமையல் மஞ்சள்தூளைத் திறந்த புண்ணில் தூவவே கூடாது. அது கிருமி நீக்கிய பொருள் அல்ல.

மூன்றில் என் ஓட்டு வல்லாரைக்கு. அதிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள் கொலாஜன் உருவாவதைத் தூண்டுகிறது. 1999-இல் வெளியான ஆய்வொன்றில், அதன் 0.2 சதவீதக் கரைசலை எலிகளின் காயத்தில் தினம் இருமுறை பூசினார்கள். ஏழாம் நாள், புதுத் திசுவில் கேட்டலேஸ் போன்ற ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளும் வைட்டமின் ஈ, சி அளவும் கூடியிருந்தன. பதினான்காம் நாள் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது, வேண்டிய முதல் வாரத்தில் உடலின் சொந்தக் காப்பையே உயர்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எலியில் கண்டது மனிதரிலும் அதே அளவுக்கு நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் செயல்படும் விதம் புண்ணின் போக்கோடு ஒத்துப்போகிறது.

கற்றாழையின் பலம் ஈரப்பதமும் அசிமன்னன் என்ற கூட்டுச் சர்க்கரையும். மேலோட்டமான தீப்புண்ணுக்கு அது நல்ல துணை. ஆழமான வெட்டுக்கு அப்படியில்லை: வயிற்று அறுவைக்குப் பின் தையல் பிரிந்த பெண்களிடம் நடந்த 1991-ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான கட்டில் சராசரியாக 53 நாளில் ஆறிய புண், கற்றாழைக் களிம்பும் சேர்த்தபோது 83 நாள் இழுத்தது. மடலை நேரடியாக வெட்டினால், தோலடியில் மஞ்சளாகக் கசியும் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பாலிலுள்ள அலோயின் புண்ணை எரிச்சலாக்கும்.