ஜூலிக்கு வந்த ஜெல் விரிப்பும் காட்பாடி வெயிலும்

நாய்களுக்கான 'கூலிங் மேட்' என்ற பெயரில் விற்கும் ஜெல் விரிப்புக்கு நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்திருப்பவர்கள், தாங்கள் எந்த ஊர் என்று மட்டும் சொல்வதில்லை. இந்தப் பொருளைப் பொறுத்தவரை முதல் கேள்வியே அதுதான். நான் இருப்பது வேலூரை ஒட்டிய காட்பாடி. கத்திரி தொடங்கும் முன்பே 'வெயில் சதம்' என்று எங்கள் ஊர்ப் பெயர் செய்தித்தாளில் வந்துவிடும். அந்தச் சதம் ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் 40-ஐத் தாண்டினாலும் மே மாதத்தில் இங்கே யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை.

ஜூலி கருப்பு லேப்ரடார். ஒன்பது வயது, முப்பது கிலோவுக்குக் குறையாது. விரிப்பை வாங்கி அனுப்பியவள் பெங்களூரில் இருக்கும் என் மகள். அவள் வீட்டு பீகிள் ரகச் சின்ன நாய் அதைவிட்டு இறங்குவதே இல்லையாம். விலை ஆயிரத்து நானூறு ரூபாய்ச் சொச்சம். நீல நிறம், இரண்டாக மடிக்கலாம், தூக்கினால் உள்ளே ஏதோ நெளிகிறது.

'தண்ணீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நாயின் எடை பட்டாலே குளிரும்' என்பது பெட்டியின் மேல் இருக்கும் வாசகம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கடைசி வரி கண்ணை உறுத்தியது. எடை பட்டுக் குளிர்வதற்கு அதற்குள் மந்திரம் எதுவும் இல்லை. இருப்பது நீர் கலந்த கூழ். நீர் நிறைய வெப்பத்தை வாங்கிக்கொண்டும் சட்டென்று சூடேறாது, அதனால் நாயின் உடம்புச் சூட்டைக் கொஞ்ச நேரம் உள்ளிழுக்கும். ஆனால் அதற்கு விரிப்பு நாயின் உடம்பைவிடக் குளிர்ந்திருக்க வேண்டுமே! அறை எந்த வெப்பத்தில் இருக்கிறதோ, விரிப்பும் அதே வெப்பத்தில்தான் கிடக்கும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. மகள் வீட்டுக் கூடம் 28 டிகிரி என்றால் பத்து டிகிரி இடைவெளி இருக்கிறது, சூடு தாராளமாக இறங்கும். எங்கள் கூடத்தில் மதியம் இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரை விரிப்பின் மேல் வைத்துப் பார்த்தேன். 37. மிச்சமிருக்கும் இடைவெளியில் எவ்வளவு சூடு இறங்கிவிடும்?

என் கணக்கு முடிவதற்கு முன்பே ஜூலியின் தீர்ப்பு வந்துவிட்டது. ஓரத்தை முகர்ந்து பார்த்தாள். முன்னங்கால்களை மட்டும் வைத்தாள், கூழ் நெளிந்ததும் எடுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு பிஸ்கட்டைப் போட்ட பிறகுதான் படுக்கவே சம்மதித்தாள். சற்று நேரத்தில் எழுந்தபோது வயிற்றோடு ஒட்டிய பிளாஸ்டிக் சத்தத்தோடு உரிந்தது. நேராகக் கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் வடிந்து எப்போதும் ஈரமாகக் கிடக்கும் மண்ணை இரண்டு கையாலும் பறித்து, அந்தக் குழிக்குள் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டாள். நாய்க்கு நம்மைப் போல் மேனியெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஈரத்தின் அருமை அதற்குத் தெரியும்.

"அம்மா, ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்துப் பாரேன்" என்றாள் மகள். வைத்தேன். தோசை மாவும் மோர்ப் பாத்திரமும் இடம்பெயர வேண்டியிருந்தது. எடுத்து விரித்ததும் உண்மையிலேயே சுகமான குளிர்ச்சி, ஜூலியும் தானாகவே வந்து படுத்தாள். ஆனால் அந்தச் சுகம் ஒரு சீரியல் முடியும் வரைகூடத் தாங்கவில்லை. உறைபெட்டியில் வைக்கக் கூடாது என்று குறிப்புத்தாளே சொல்கிறது. நாள் முழுவதும் நாய்ப் படுக்கைக்கும் தோசை மாவுக்கும் இடையில் பஞ்சாயத்து செய்ய என்னால் ஆகாது.

விரிப்பு சுத்தமாக வீண் என்று சொல்லிவிட மாட்டேன். ஏ.சி. ஓடும் அறையில் நன்றாகவே வேலை செய்கிறது. இரவில் எங்கள் படுக்கையறையில் ஜூலி அதில்தான் தூங்குகிறாள். காரில் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு பெங்களூர் போனபோதும் குறை சொல்ல எதுவும் இல்லை. முடி ஒட்டுவதில்லை, நாற்றம் பிடிப்பதில்லை. தையல் ஓரங்கள்தான் பயமாக இருக்கின்றன. கடிக்கிற வயதுக் குட்டி வீட்டில் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம். கூழ் நஞ்சில்லை என்று அச்சிட்டிருந்தாலும், கிழித்து விழுங்கும் பிளாஸ்டிக் துண்டு குடலில் சிக்கினால் யார் பதில் சொல்வது?

பகலுக்கு நான் நம்புவது கோணிச் சாக்கைத்தான். அரிசி மண்டியில் பத்து இருபது ரூபாய்க்குப் பழைய சாக்கு கிடைக்கும். நனைத்துப் பிழிந்து, தரையில் விரித்து, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுகிறேன். அதே தெர்மாமீட்டர், அதே கூடம், அதே மதியம்: சாக்கின் மேல் 28 டிகிரி. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் அதுதான் காரணம். வேலூர்ப் பக்கம் காற்று உலர்ந்தது என்பதால் இந்த அளவுக்குப் பலிக்கிறது. சென்னையின் கடலோரப் புழுக்கத்தில் இவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சாக்கு நாய்க்கு அடியில்தான் இருக்க வேண்டும். ஈரத் துண்டை முதுகில் போர்த்திவிட்டுப் போய்விட்டால் அது சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும்.

விற்பவர்கள் போட்டிருக்கும் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெட்டவெளியில், புல்தரையில், நல்ல வெயிலில் ஒரு பக் நாய் அந்த விரிப்பில் உட்கார்ந்து சிரிக்கிறது. வெயில் படும் இடத்தில் போட்டால் விரிப்பே கொதிக்கும். போதாததற்கு, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களால் சரியாக மூச்சிரைக்கவே முடியாது. வெப்பத்தாக்கு முதலில் பிடிப்பது அவற்றைத்தான். விரிப்பு இருக்கிறதே என்ற தைரியத்தில் அவற்றை வெளியே விட்டுவிட்டுப் போகிறவர்களை நினைத்தால்தான் கவலை. எச்சில் கெட்டியாக வழிந்து, ஈறு ரத்தச் சிவப்பாகி, நடை தள்ளாடினால் விரிப்பு, சாக்கு எதுவும் போதாது. உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். தண்ணீர் ஊற்றுவது முதலில், ஆட்டோ பிடிப்பது பிறகு.

அளவு விஷயத்திலும் ஏமாற்றம்தான். 'பெரியது' என்று போட்டிருப்பது பீகிளுக்குத்தான் பெரியது. ஜூலியின் பின்னங்கால்கள் தரையில்தான் கிடக்கின்றன. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருப்பவர்கள் எழுத்தை நம்பாமல், நாய் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது டேப்பால் அளந்துவிட்டு, சென்டிமீட்டரைப் பார்த்து வாங்குங்கள்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். இரண்டு நட்சத்திரம் ஏ.சி. அறைக்கும் கார் பயணத்துக்கும். அரை நட்சத்திரம், ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தாலே சுத்தமாகிவிடுகிறது என்பதற்காக.