பென்ஷன் காசை மொத்தமாக எடுப்பதா, பத்து வருஷம் முடிப்பதா?

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் சிலர், எட்டு ஒன்பது வருஷம் ஆனதும் பி.எஃப் கணக்கை முடித்து, பென்ஷன் காசையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். நான் எடுக்கவில்லை. பத்து வருஷ சர்வீஸைத் தாண்டி, இப்போது மாதப் பென்ஷன் வாங்குகிறேன். அதனால் என் கட்சி, பத்து வருஷம் முடிப்பதுதான்.

மொத்தப் பணம் கல்யாணத்துக்கோ கடனுக்கோ உடனே உதவும், சரி. 58 வயதுக்குள் பத்து வருஷம் எட்டவே வழியில்லாதவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மற்றவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதக் கூலி 6,000, சர்வீஸ் 9 வருஷம் என்றால் கைக்கு வருவது 55,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. பத்து முடித்தால், 6,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்து 857 ரூபாய். ஆனால் 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் 1,000 என்பதால் ஆயிரமாகவே கிடைக்கும். ஐந்து வருஷத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் வரும். நமக்குப் பின் கணவருக்கும் உண்டு. கணவர் அதை வாங்குவதில் எவ்வளவு அலைச்சல் என்று எனக்கு அனுபவம் இல்லை.

நியாயம் என்று பார்த்தால் மனசு ஆறவில்லை. இந்தத் திட்டம் 1971-ல், தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் குடும்பப் பென்ஷனாக இருந்தது, 1995 நவம்பரில்தான் தொழிலாளிக்கே பென்ஷன் ஆனது. பீடித் தொழிலில் முதலாளி கட்டும் 10 சதவீதத்தில் 8.33 இந்தப் பென்ஷனுக்கே போய்விடுகிறது, நம் பி.எஃப்-பில் சேருவது 1.67தான். இத்தனை கட்டியும் பஞ்சப்படி கிடையாது. பணம் கட்டாமலே வரும் முதியோர் உதவித்தொகையை 2023-ல் தமிழக அரசு 1,200 ஆக்கியது. அந்த ஏழைகளுக்குக் கூட்டியது சரிதான், இந்த ஆயிரத்தையும் கூட்டியிருக்க வேண்டும்.

அப்படியும் பத்து வருஷத்தை விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உண்மையில் ஒன்பதரை இருந்தாலே போதும், ஆறு மாதம் ஆகிவிட்டால் முழு வருஷமாகக் கணக்கில் எடுப்பார்கள். கம்பெனி மாறினால் 10சி படிவத்தில் காசு கேட்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் (அதுவரை உள்ள சர்வீஸுக்கான சான்று) கேளுங்கள், பழைய சர்வீஸ் புதியதோடு சேரும். பேரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒரு இனிஷியல் மாறியிருந்ததற்கு நான் நடையாய் நடந்தேன். வருஷா வருஷம் உயிர்வாழ் சான்றும் கொடுக்க வேண்டும். இலை வெட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால், போனில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம்.