ஆழ்துளைக் கிணற்று நீருக்கு ஒரு சான்றிதழ்: தெற்கு டர்பனில் நீர்ப் பரிசோதனைச் சேவை எப்படி இருக்கிறது?

2022 ஏப்ரல் வெள்ளத்திற்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் குழாய் நீரை நம்பி ஒரு வேலையும் திட்டமிட முடியாமல் போய்விட்டது. வடக்கே டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் சேதமடைந்து, மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்காகக் காத்துக் கிடந்தார்கள். தெற்கே மீர்பேங்க், இசிபிங்கோ பகுதிகளில் வாழும் நம்மவர்களில் பலர் வீட்டு ஓரத்தில் ஜோஜோ என்ற பிளாஸ்டிக் நீர்த்தொட்டி வைத்தார்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தவர்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். கிணறு தோண்டிய கையோடு எல்லோரும் தேடுவது நீரைப் பரிசோதித்துச் சான்றிதழ் தரும் ஓர் ஆய்வகத்தை. எங்கள் வீட்டிற்காக நாங்கள் அமர்த்திய அப்படிப்பட்ட ஒரு சேவையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். ஆய்வகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியது அன்று. இந்த ஊரில் விற்கப்படும் வீட்டுப் பரிசோதனைத் தொகுப்புகளில் நான் விசாரித்தவை ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் இருந்தன.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மீர்பேங்க் தாழ்வான நிலம். ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த இடம். மணல் கலந்த மண் என்பதால் மேலே கொட்டுவது எளிதில் கீழே இறங்கிவிடும். நிலத்தடி நீரும் அதிக ஆழத்தில் இல்லை. இந்த நிலத்தைச் சுற்றித்தான் 1954-இல் வென்ட்வொர்த்தில் நாட்டின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1963-இல் தெற்கே சாப்ரெஃப் ஆலையும் வந்தன; பக்கத்திலேயே ஒரு பெரிய காகித ஆலையும் உண்டு. 2001-இல் பிளஃப் பகுதியின் டாரா சாலையில், வீடுகளுக்கு அடியே சென்ற சாப்ரெஃப் குழாய் ஒன்று கசிந்து, பத்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோல் மண்ணுக்குள் போனது. அங்கிருந்த குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இன்று அந்த இரண்டு ஆலைகளிலும் சுத்திகரிப்பு நடைபெறவில்லை. வென்ட்வொர்த் ஆலை 2020 டிசம்பர் 4-ஆம் தேதி நடந்த வெடிப்புக்குப் பின் மீண்டும் இயங்கவில்லை. சாப்ரெஃப் 2022-இல் நின்றது. புகைபோக்கி நின்றதும் காற்றில் மாற்றம் தெரியும். மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய்க்கு அப்படி ஒரு விடுதலை இல்லை. அது பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கி, மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நகரும்.

ஆகவே எங்கள் தெருவில் யாரேனும் "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று கேட்டால், அந்தக் கேள்வியில் கிருமியைப் பற்றிய அச்சம் பாதிதான். மீதிப் பாதி பென்சீன், டொலுயீன், சைலீன் போன்ற பெட்ரோலியப் பொருள்களையும் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களையும் பற்றியது.

சேவையின் நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் பேசிய இரண்டாம் நாளே மாதிரி எடுக்க ஒரு தம்பி வந்தார். என் தாயாரை மரியாதையாக ஆன்டி என்று அழைத்து, எங்கே மோட்டார் இருக்கிறது, எங்கே தொட்டி இருக்கிறது என்று விசாரித்தார். கிருமிப் பரிசோதனைக்கான வேலையில் அவரிடம் ஒரு குறையும் காண முடியவில்லை: குழாயின் வாயைச் சாராயத்தால் துடைத்துத் தீயால் சுட்டார், நீரைச் சில நிமிடம் ஓடவிட்டார், கிருமி நீக்கிய குப்பியின் மூடியைத் தரையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்தார். உலோகங்களுக்கான குப்பி தனியாக, அமிலம் இட்டதாக இருந்தது. அறிக்கை ஒரு வாரத்திற்குள் கைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரமான எஸ்.ஏ.என்.எஸ். 241-இன் வரம்புகளை ஒரு பத்தியிலும் எங்கள் நீரின் அளவுகளை அடுத்த பத்தியிலும் தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். ஈ-கோலை கிருமி இல்லை. நைட்ரேட், நைட்ரஜனாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மிகவும் கீழே. ஈயம், ஆர்சனிக் இரண்டும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள். இரும்பு மட்டும் 0.3 மில்லிகிராம் என்ற தோற்ற வரம்பைத் தாண்டியிருந்தது. உடல்நலத்திற்கான 2 மில்லிகிராம் வரம்புக்குள்தான் இருந்தது. குளியலறைத் தரையில் படியும் செங்காவிக் கறைக்கும், வெள்ளை வேட்டி பழுப்பேறுவதற்கும் காரணம் அதுதான் என்று புரிந்துகொண்டோம். இதுவரைக்கும் கொடுத்த காசுக்கு உரிய வேலை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்தான் சிக்கல். "குடிப்பதற்கு ஏற்றது" என்று முத்திரையிட்டிருந்தார்கள். பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தேன்; பென்சீன் இல்லை, டொலுயீன் இல்லை, பெட்ரோலியம் சார்ந்த எந்தப் பொருளுமே இல்லை. தேடாத ஒன்றைப் பற்றி அந்த முத்திரை எப்படி உறுதி சொல்ல முடியும்? ஆலைகளின் மதிலிலிருந்து நடந்து போகும் தொலைவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்திற்கு, வால்பாறைத் தோட்டத்துச் சுனை நீருக்குக் கொடுப்பது போன்ற ஒரு சான்றிதழைக் கொடுத்திருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் கிணற்றின் ஆழம், வீட்டில் எத்தனை பேர், குடிக்கவா தோட்டத்திற்கா என்றெல்லாம் கேட்டவர்கள், பக்கத்தில் என்ன தொழிற்சாலை இருக்கிறது, பெட்ரோல் நிலையமோ பழைய குப்பைக் கிடங்கோ உண்டா என்று ஒரு வரி கேட்கவில்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் முடிவு.

நாங்கள் கேட்ட பிறகு மறுக்காமல் ஏற்பாடு செய்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெட்ரோலியப் பொருள்களுக்கான பரிசோதனையைத் தாங்களே செய்வதில்லை என்றும், வேறோர் ஆய்வகத்திற்கு அனுப்புவதாகவும் கூறினார்கள். கட்டணம் அடிப்படைத் தொகுப்பை விடக் கணிசமாக அதிகம். ஆனால் முதல் முயற்சியில் வந்த பதில் எங்களைத் திகைக்க வைத்தது. பென்சீன் என்ற வரிக்கு எதிரே "50-க்குக் கீழ்" என்று மட்டும் இருந்தது, அலகு லிட்டருக்கு மைக்ரோகிராம். அதாவது அவர்கள் பயன்படுத்திய முறை 50-க்குக் குறைவான அளவைக் காணவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு 10. அமெரிக்காவில் சட்டப்படியான வரம்பு 5. எங்கள் நீரில் 40 இருந்திருந்தாலும் அறிக்கை இதே பதிலைத்தான் சொல்லியிருக்கும். பென்சீன் மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட செய்தி. அதைத் தேடும் கருவி வரம்பை விடக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை வாடிக்கையாளர் சொல்லித் தெரியவேண்டிய நிலை இருக்கக் கூடாது. எழுத்து மூலம் முறையிட்ட பின், 1 மைக்ரோகிராம் வரை காணக்கூடிய முறையில், கூடுதல் கட்டணமின்றி மீண்டும் செய்து தந்தார்கள். அதற்கு என் நன்றி உண்டு.

இந்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் விதத்தைக் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நீரைத் தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. தொட்டியில் விழும்போதே பென்சீன் காற்றில் பறந்துவிடும். மோட்டாரை ஓடவிட்டு, குழாய்க்குள் தேங்கிய பழைய நீர் முழுவதும் வெளியேறி, நீரின் மின்கடத்துத் திறனைக் காட்டும் கருவியில் எண் ஒரே நிலைக்கு வந்த பிறகே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. எங்களிடம் வந்தவர் விரல் நீளமே உள்ள 40 மில்லிலிட்டர் பழுப்புக் கண்ணாடிக் குப்பியைச் சாய்த்துப் பிடித்து, நீர் சலசலக்காமல் உள்சுவர் வழியே இறங்கவிட்டு, விளிம்பில் நீர் மேடாகத் திரண்டு நிற்கும்வரை நிரப்பினார். மூடியைத் திருகி, குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு சிறு குமிழி மேலேறியது. அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிய குப்பியை எடுத்தார். அந்த வெற்றிடத்திற்குள் பென்சீன் ஒதுங்கிவிட்டால் நீரில் உள்ள அளவு குறைவாகக் காட்டும் என்று பொறுமையாக விளக்கினார். இத்தகைய ஊழியர்கள் இருக்கும் ஒரு நிறுவனம், விற்பனைப் பிரிவில் மட்டும் ஏன் இவ்வளவு அசட்டையாக இருக்கிறது என்பது எனக்கு வருத்தமே.

திருத்திய அறிக்கையில் எங்கள் நீரில் பென்சீன் காணப்படவில்லை. மகிழ்ச்சிதான். ஆனாலும் அது மழையில்லாத குளிர்காலத்தில், ஒரே கிணற்றில், ஒரு நாளில் எடுத்த மாதிரி. கோடை மழையில் நீர்மட்டம் ஏறும்போது நிலைமை மாறலாம். தெருவில் பலர் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால், தொலைவில் தங்கியிருக்கும் மாசு கிணறுகளை நோக்கி இழுபடவும் கூடும். இந்த எச்சரிக்கை அறிக்கையில் இரண்டு வரியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

அறிக்கையோடு சேர்த்து ஒரு வடிகட்டிக் கருவியின் விலைப்பட்டியலையும் அனுப்பியிருந்தார்கள். இதை நான் ஏற்கவில்லை. பரிசோதிப்பவரே மருந்தும் விற்றால் அவர் சொல்லில் நம்பிக்கை குறையும். அதிலும் அவர்கள் பரிந்துரைத்த புற ஊதா விளக்கு கிருமியை மட்டுமே கொல்லும். ஆர்.ஓ. சவ்வு உப்பையும் உலோகத்தையும் நன்றாகப் பிரிக்கும். பென்சீன் போன்ற ஆவியாகும் சிறு மூலக்கூறுகளை அது முழுவதுமாகத் தடுப்பதில்லை. அவற்றைப் பிடிப்பது கரி வடிகட்டி. கரி நிறைந்த பிறகு, சுவையிலும் வாசனையிலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே மாசைக் கீழே விட்டுவிடலாம். கொதிக்க வைத்துக் குடிப்போம் என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் தெருவில் உண்டு. கிருமிக்கு அது போதும். பென்சீனோ ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும், உலோகமும் நைட்ரேட்டும் நீர் வற்ற வற்ற அடர்த்தியாகும்.

குடும்பங்கள் இந்தச் செலவைச் சுமப்பதே முறையன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நீரை மாசுபடுத்தக்கூடிய நிலத்தை உடையவரோ பயன்படுத்துபவரோதான் அந்த மாசைத் தடுக்கவும் நீக்கவும் வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு உடல்நலத்திற்குத் தீங்கில்லாத சுற்றுச்சூழலை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்குகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி, ஓர் உரிமையைக் காத்துக்கொள்ளத் தேவைப்படும் ஆவணங்களைத் தனியார் நிறுவனங்களிடமும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். நிலத்தடி நீரின் மாசை அளக்கத் தோண்டப்படும் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகள் கைக்கு வந்தால், எந்தத் திசையில் நீர் நகர்கிறது, எந்த வீடுகள் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும். சாட்ஸ்வொர்த்தில் புல்புல் டிரைவ் நச்சுக் கழிவுக் கிடங்கு 2011-இல் மூடப்பட்டது குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடி விடாமல் கேட்டதால்தான். அதற்கு முன்னின்ற வென்ட்வொர்த்தின் டெஸ்மண்ட் டிசாவுக்கு 2014-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். மாதிரி எடுக்கும் ஊழியர்களின் கைத்திறனுக்கும், முறையீட்டை ஏற்று மீண்டும் செய்து கொடுத்த பண்புக்கும் அந்த மூன்று. தேடாதவற்றுக்கும் சேர்த்து முத்திரை குத்தியதற்கும், வடிகட்டி விற்பனைக்கும் இரண்டைக் குறைத்தேன். தொழிற்சாலைகளிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கு அடிப்படைத் தொகுப்பே போதுமானது. மீர்பேங்க், வென்ட்வொர்த், இசிபிங்கோ, பிளஃப் பகுதியினர் பணம் கட்டும் முன்பே மூன்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: பெட்ரோலியப் பொருள்கள் பட்டியலில் உண்டா, ஒவ்வொன்றுக்கும் கண்டறியும் எல்லை (முறையால் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு) எவ்வளவு, அந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கு ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான சானாஸின் அங்கீகாரம் இருக்கிறதா. ஆய்வகத்திற்குப் பொதுவான அங்கீகாரம் இருப்பது எல்லாப் பரிசோதனைக்கும் பொருந்தாது. எந்தெந்தப் பரிசோதனை என்று பட்டியலிட்ட இணைப்பைக் காட்டச் சொல்லுங்கள்.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் இந்த நீரை ஊற்றலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உலோக அளவுகள் வரம்புக்குள் இருக்கும் நீரென்றால் ஊற்றலாம் என்றேன்; கீரைப் பாத்திக்கு மட்டும், அவருடைய கிணற்றைத் தனியாகப் பரிசோதிக்கும்வரை குழாய் நீரே இருக்கட்டும் என்றும் சொன்னேன். இப்போது எங்கள் தெருவில் கிணறு உள்ள வீடுகள் எல்லாம் செலவைப் பகிர்ந்துகொண்டு, பிப்ரவரி மழைக்குப் பிறகு ஒரே நாளில் மாதிரி எடுக்கக் கேட்டிருக்கிறோம். ஆய்வகம் ஒப்புக்கொண்டு, கண்டறியும் எல்லையை விலைப்பட்டியலிலேயே எழுதித் தந்திருக்கிறது.