துண்டு துண்டாகவா, ஒரே கதையாகவா?

டிவி பார்த்துப் பிள்ளை ஏதாவது கற்குமா என்பதற்கு, எத்தனை மணி நேரம் என்பதைவிட நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்காவின் இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' துண்டு முறை. ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு பாட்டு, பொம்மைகளின் கூத்து என்று மாறிக்கொண்டே போகும். சோதனை ஓட்டத்தில் டிவிக்குப் பக்கத்தில் 7.5 நொடிக்கு ஒருமுறை மாறும் ஸ்லைடு படங்களை வைத்தார்கள். பிள்ளையின் கண் அந்தப் பக்கம் ஓடிய இடங்களைக் குறித்து, தேறாத துண்டுகளைத் திருத்தினார்கள். எழுத்தும் எண்ணும் பழக்க இது நல்ல முறை. நடுவில் எழுந்து போய் வந்தாலும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு துண்டில் கண்டதை அடுத்ததோடு கோக்கும் வேலை பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. 2002இல் செசமியே துண்டுகளைக் குறைத்து நீளமாக்கிக்கொண்டது.

1996இல் நிக்கலோடியனில் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' அரை மணிக்கு ஒரே புதிர், மூன்று துப்பு. நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டு, கேமராவைப் பார்த்தபடி சில நொடி சும்மா நிற்பார். சூட்சுமமே அந்த மௌனம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே பாகத்தைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். முதல் நாள் வாயைத் திறக்காத பிள்ளைகூட நாளாக ஆக உரக்கப் பதில் சொல்லும். பெரியவர்களுக்குத்தான் அலுக்கும்.

இதைக் கெடுப்பவை இரண்டு. பக்கத்தில் இருப்பவர் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுவது ஒன்று. யூடியூபின் ஆட்டோபிளே இன்னொன்று. அது அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடும், மறுபார்வையே நடக்காது. அதை அணைத்துவிட்டு, ஒரே பாகத்தை வாரம் முழுக்கப் போடுங்கள்.

இரண்டரை முதல் நாலு வயது வரை எங்கள் ஓட்டு ப்ளூஸ் க்ளூஸுக்கு. எழுத்துக்கூட்டத் தொடங்கும் வயதில் செசமி. 51 குழந்தைகளை 30 மாத வயதுவரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. அதில் ப்ளூஸ் க்ளூஸ் பார்த்தவர்களிடம் சொல்வளம் கூடுதலாகவும், செசமி பார்த்தவர்களிடம் பேச்சு குறைவாகவும் இருந்தது. காரணம் நிகழ்ச்சிதான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் செசமி மூன்று வயதைத் தாண்டியவர்களுக்காக எடுத்தது.

இரண்டு வயதுக்குள் இரண்டுமே வேண்டாம். திரையில் கண்டதை நிஜத்தோடு பொருத்த அந்த வயதில் தடுமாறுவார்கள். தாத்தா பாட்டியோடு வீடியோ கால் பேசுவது வேறு. அங்கே எதிர்முனையில் பதில் வருகிறது.