இன்க்டென்ஸா, ஆல்பிரெக்ட் டூரரா? ஸ்டாம்ப் படத்துக்கு எந்த வாட்டர்கலர் பென்சில்

ரப்பர் ஸ்டாம்பை இங்கில் ஒற்றிப் பேப்பரில் பதித்த கோட்டுப் படத்துக்கு, ஈர பிரஷ் பட்டால் கரையும் வாட்டர்கலர் பென்சிலால் நிறம் தீட்டுவது பற்றிய பேச்சு இது. இன்க்டென்ஸ், ஆல்பிரெக்ட் டூரர் இரண்டும் அப்படிப்பட்ட பென்சில்கள். ஆனால் பென்சிலுக்கு முன்னால் ஸ்டாம்பை ஒற்றும் இங்க் பேட். கோடே கரைந்துவிட்டால் 120 நிறப் பெட்டி கையிலிருந்தும் புண்ணியமில்லை. வாழ்த்து அட்டை செய்பவர்கள் பலரிடம் மெமென்டோ என்ற கருப்பு இங்க் இருக்கும். அது ஆல்கஹால் மார்க்கருக்கு (ஆல்கஹாலில் கரைந்த நிறமுள்ள பேனா) தோதான இங்க். ஈர பிரஷ் பட்டால் கோட்டோரம் சாம்பல் கசிந்து, பக்கத்து மஞ்சள் அழுக்காகிவிடும். வெர்சாஃபைன் என்ற இங்க் மெல்லிய கோட்டையும் கூர்மையாகக் கொடுக்கும், நன்றாகக் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஆனால் காய நேரமெடுக்கும். சூடான காற்று வீசும் ஹீட் கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டிவிடுவது நல்லது. ஸ்டேஸ்ஆன் என்ற இங்க் சீக்கிரம் காயும். அதில் தொல்லை வேறு: ஸ்டாம்பைத் தண்ணீரில் கழுவினால் போகாது, அதற்கென உள்ள கிளீனர் வேண்டும், கிளியர் ஸ்டாம்பில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்டாம்ப்) கறை பிடிக்கும். ஆகவே ரப்பர் ஸ்டாம்புக்கு ஸ்டேஸ்ஆன், கிளியர் ஸ்டாம்புக்கு வெர்சாஃபைன்.

இனி பென்சில். டெர்வென்ட் இன்க்டென்ஸும் ஃபேபர்-காஸ்டல் ஆல்பிரெக்ட் டூரரும் தண்ணீரில் கரையும் என்பதோடு ஒற்றுமை முடிகிறது. இன்க்டென்ஸ் ஒருமுறை முழுக்கக் கரைந்து காய்ந்தால் மறுபடி கரையாது. டூரர் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் ஓரளவு இளகக்கூடும்.

ஓர் இலையில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதலில் மஞ்சள் பூசிக் காயவிட்டு, காம்போரம் மட்டும் நீலம் தீட்டி ஈர பிரஷால் இழுங்கள். இன்க்டென்ஸில் மஞ்சள் அப்படியே இருக்க, அதன்மேல் நீலம் கண்ணாடித்தாள் போலப் படிந்து பச்சை தெரியும். டூரரில் அடி மஞ்சளும் கொஞ்சம் கிளம்பி நீலத்தோடு கலக்கக்கூடும். இரண்டு நிறத்தில் பரவாயில்லை. மூன்றாவது நிறம் சேர்ந்தால் சேறாகலாம்.

பிழை திருத்துவதில் நிலைமை தலைகீழ். டூரர் கோட்டைத் தாண்டிவிட்டதா? சுத்தமான ஈர பிரஷை வைத்துச் சில நொடி பொறுத்து, டிஷ்யூவால் ஒற்றியெடுத்தால் ஓரளவு வந்துவிடும். இன்க்டென்ஸ் காய்ந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று, இன்க்டென்ஸில் கரையாமல் தங்கிய துகள், அடுத்த நிறம் பூசும்போது திடீரென விழித்துக்கொண்டு கோடிழுக்கும். முதல் தடவையே தாராளமாக நனைத்துவிடுவதுதான் இதற்கு மருந்து.

முகம், கை போன்ற வெளிர் நிறங்களுக்கு இன்க்டென்ஸை நேரடியாகத் தீட்டவே கூடாது. பிளாஸ்டிக் மூடி எதிலாவது தேய்த்து, பிரஷால் தொட்டெடுத்து, நிறைய நீர்த்துப் பூச வேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு டூரரே பாதுகாப்பு. பூவும் இலையுமாக அடுக்கடுக்கான நிறத்தில் ஆசையிருந்தால் இன்க்டென்ஸ். இரண்டும் தனித்தனிப் பென்சிலாகக் கிடைப்பதால் பெரிய பெட்டிக்கு அவசரப்பட வேண்டாம்.

தீட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ரோஜா இதழ் என்றால், அடியிலும் மடிப்போரத்திலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் மட்டும் அழுத்தாமல் தீட்டுங்கள். அழுத்தினால் பேப்பரில் பள்ளம் விழுந்து, எவ்வளவு நனைத்தாலும் பென்சில் கோடு மறையாது. 2ஆம் எண் உருண்டை பிரஷை நனைத்து டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி, நிறமில்லாத நுனியிலிருந்து உள்ளே போகாமல், நிறமுள்ள இடத்தில் தொடங்கி வெளியே இழுங்கள். நுனி தானாக வெளுக்கும். பக்கத்து இதழைத் தொடுமுன் இது காய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் ஈரம் மற்றதில் பாய்ந்து காலிஃபிளவர் போலத் திட்டு விழும். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பிய வாட்டர் பிரஷில் இந்தத் தவறு அதிகம், அமுக்கும் வேகத்தில் ஒரு சொட்டு கூடுதலாக வந்துவிடும்.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் பேப்பராக இருக்கட்டும். சொரசொரப்பான கோல்ட் பிரெஸ்ஸில் ஸ்டாம்ப் கோடு ஆங்காங்கே விட்டுப்போகும். ஹாட் பிரெஸ் வழவழப்பு. படம் முழுசாக விழும். வாழ்த்து அட்டைக்கான சாதாரண தடித்த தாளான கார்டுஸ்டாக்கில் இரண்டாவது ஈரத்துக்கே நார் கிளம்பிவிடும். 300 ஜிஎஸ்எம்மும் லேசாக வளையத்தான் செய்யும். முழுக்கக் காய்ந்தபின் கனமான புத்தகத்துக்கடியில் ஓர் இரவு வைத்து, அட்டையில் டபுள் சைடு டேப்பால் ஒட்டுங்கள். தண்ணீர்ப்பசை தடவினால் மறுபடி வளையும்.