குலுக்கல் சீட்டா, ஏலச் சீட்டா?

ஆள் 20, மாதம் 5,000, சீட்டுத் தொகை 1 லட்சம். இந்தக் கணக்கிலேயே இரண்டையும் பார்ப்போம்.

குலுக்கல் சீட்டில் கழிவு, அதாவது முன்னால் எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகை, கிடையாது. பெயர் விழுந்தவருக்கு முழுசாக 1 லட்சம். எல்லாருக்கும் ஒரே வாய்ப்பு என்பதால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி போட்டுப் பாருங்கள்: முதல் மாதம் எடுப்பவருக்கு 9,500 லாபம், கடைசி ஆளுக்கு அதே 9,500 நட்டம்.

இதைச் சரிக்கட்ட படி வைக்கலாம். முதலில் எடுப்பவருக்கு 90,500, அடுத்தவருக்கு 91,500 என்று மாதம் ஆயிரம் ஏற்றிக்கொண்டே போனால் கடைசி ஆளுக்கு 1,09,500 வரும். எந்த மாதம் விழுந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஆயிரத்தை முதல் குலுக்கலுக்கு முன்பே பேசி எழுதிவிட வேண்டும். தன் பெயர் எப்போது வரும் என்று தெரியாதவரை எல்லாரும் நடுவாகப் பேசுவார்கள். ஒரு பெயர் விழுந்த பிறகு பேச்சை எடுத்தால் விழுந்தவருக்கு ஐந்நூறே அதிகம், விழாதவருக்கு இரண்டாயிரமும் போதாது. ஆவணியில் கல்யாணம் வைத்திருப்பவர் மட்டும் விதிவிலக்கு. எப்படியும் யாரிடமாவது முறையை மாற்றி முன்னால் வாங்கிவிடுவார். அதனால் முதலிலேயே படியைக் குறைக்கத்தான் பார்ப்பார். மாற்றிக்கொள்ளலாமா, கூடாதா என்பதையும் அப்போதே எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல்: படி வைத்தால் பத்தாம் மாதம் 50,000 மிச்சம் சேர்ந்திருக்கும். நடத்துபவர் கையில் விடாமல், இருவர் கையெழுத்தில் இயங்கும் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

ஏலச் சீட்டில் அதிகக் கழிவு கேட்பவருக்கே சீட்டு. 25,000 தள்ளி ஒருவர் எடுத்தால் அவர் கைக்கு 75,000. நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 20,000ஐ இருபதால் வகுத்தால் ஆளுக்கு 1,000 கசர் (லாபப் பங்கு). அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். கமிஷன் உச்சவரம்பு 2019இல் 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. பொறுமைக்காரருக்கு நல்ல சீட்டு. ஆனால் அவசரக்காரர் யார் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கழிவு அவர் தலையில்தான் விடியும். உச்ச அளவுக்குப் பலர் தள்ளினால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி அங்கேயும் குலுக்கல்தான்.

முதல் குலுக்கலில் விழுந்தவர் மீதித் தவணை கட்டவே வேண்டாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். அது 1978இலேயே தடை செய்யப்பட்ட வகை.

கல்யாணம், காலேஜ் ஃபீஸ் என்று தேதி குறித்த செலவு இல்லாதவர்களுக்குப் படி வைத்த குலுக்கல், காத்திருக்க முடிந்தவர்களுக்கு ஏலம். இரண்டிலும் பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். எடுத்தவரிடம் ஜாமீன் வாங்கிய பிறகே பணம் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். சீட்டு முங்குவது பெரும்பாலும் எடுத்தவர் கட்டாமல் விடுவதால்தான்.

குலுக்கும் நாளில் நேரில் போங்கள். முடிவு மட்டும் வாட்ஸ்அப்பில் வருவது சரியல்ல. குறைந்தது இரண்டு உறுப்பினர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது சட்டம். துண்டுகள் ஒரே தாளில் வெட்டி, ஒரே மாதிரி மடித்து, டப்பாவில் போடும் முன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரை வாசித்து எண்ணச் சொல்லுங்கள்.