மைனஸில் நிற்கும் பாஸ்புக்: பழைய ஓ.டி.யை முடிக்க வடசென்னையில் எந்தக் கதவைத் தட்டலாம்?

ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்), அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலேயும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன், அடிப்படையில் கடைக்காரருக்கான சரக்கு. காலையில் எடுத்து மாலையில் கல்லாப் பணத்தைக் கட்டிவிடுகிறவருக்கு ஒரு நாள் வட்டியோடு போய்விடும். மாதம் ஒரே ஒரு தடவை வரவு வரும் மாற்றுத்திறனாளிக்கு அதே சரக்கு வேறு முகம் காட்டுகிறது. ஓ.டி.யில் வட்டி தினசரி பாக்கியின் மேல் ஏறி, மாதக் கடைசியில் மொத்தமாக விழும். 50,000 ரூபாய் லிமிட் முழுவதும் எடுத்திருந்து 12 சதவீத வட்டி என்றால் மாதம் 500 ரூபாய். தமிழக அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது. அது இதே கணக்கில் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்குப் போகும். வருடத்துக்கு 6,000 ரூபாய், அதாவது நாலு மாத உதவித்தொகை. அசலில் ஒரு ரூபாய் குறையாது. குறைந்த வருமானக்காரருக்கு நீண்டகால ஓ.டி.க்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஒன்று. ஆகவே இங்கே எடைபோடுவது அதிலிருந்து வெளியேற உதவும் சேவைகளை.

அதற்கு முன் அது எந்த மைனஸ் என்று தெரிய வேண்டும். கிளையில் 'பேலன்ஸ் எவ்வளவு' என்று கேட்டால் ஒரு எண்தான் கிடைக்கும். கேட்க வேண்டியது இரண்டு: கணக்கு மைனஸுக்குப் போன நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்ட், ஓ.டி. அனுமதித்த கடிதத்தின் நகல். கடிதமே இல்லை என்றால் அது பெரும்பாலும் ஓ.டி.யே இல்லை, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்குப் போட்ட அபராதம் சேர்ந்து உண்டான மைனஸ். இந்த அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்பது 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. முன்கூட்டி அறிவித்து, ஒரு மாதமாவது அவகாசம் தந்த பிறகுதான் அபராதமே போடலாம். ஸ்டேட்மென்டில் அந்த வரிகளைப் பேனாவால் வட்டமிட்டு, கூட்டித் தொகையை எழுதி, திருப்பி வரவு வைக்கச் சொல்லி ஐந்து வரிக் கடிதம் கொடுத்தால் போதும். வட்டமிடாமல் போனால் 'சிஸ்டம் தானா போட்டது' என்ற பதில்தான் கிடைக்கும்.

ஜன் தன் கணக்கின் ஓ.டி. தனி வகை. 2018இல் உச்சவரம்பு 5,000லிருந்து 10,000 ஆனது. 2,000 வரை நிபந்தனை இல்லை. குடும்பத்துக்கு ஒன்றுதான் தருவார்கள். 10,000 என்பது அடைக்கக்கூடிய தொகை என்பதால் இதற்குப் பெரிய வியூகம் தேவையில்லை. தொல்லை கொடுப்பது மூன்றாவது வகை: பெட்டிக்கடை, தையல், ஜெராக்ஸ் கடைக்கு வாங்கி, கடை மூடிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ஓ.டி. இனி வருவது பெரும்பாலும் அதைப் பற்றியே.

கிளைக் கவுண்டரிலிருந்து தொடங்குவோம். கொடுங்கையூரிலிருந்தோ மூலக்கடையிலிருந்தோ ஆட்டோ வைத்துப் போய், மூன்று படி ஏறி, 'மேனேஜர் மீட்டிங்கில் இருக்கார்' என்று கேட்டுத் திரும்புவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேரில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. எதையும் இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்க வேண்டும். சீல் தர மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். கையெழுத்துப் போட முடியாதவருக்கு கைநாட்டு, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை செல்லும். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 'கையெழுத்து மாறியிருக்கு' என்று திருப்பி அனுப்பினால் இந்த விதியைக் கடிதத்திலேயே குறிப்பிடலாம்.

கவுண்டரில் ஒரு கண்ணி உண்டு. 'சும்மா பாக்கியை உறுதி செய்யத்தான்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கடன் வழக்குக்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். காலம் கடந்த கடனைக்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதற்கு உயிர் கொடுத்துவிடும். கையெழுத்தே போடக் கூடாது என்பதல்ல. வட்டிக் குறைப்பையோ தவணையையோ எழுத்தில் வாங்காமல் போடக் கூடாது. காலவரம்பு முடிந்தால் கடன் மறைந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். வழக்குப் போடும் வழிதான் அடைபடும். அதே வங்கியில் உள்ள பணத்தின் மேல் வங்கி வைக்கும் பிடி அப்படியே இருக்கும்.

அந்தப் பிடிதான் முதலில் தீர்க்க வேண்டியது. ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவைக் காட்டி, ஒரு கிளையின் கடனுக்கு இன்னொரு கிளையில் உள்ள பணத்தையும் வங்கி நிறுத்தி வைக்கும். தண்டையார்பேட்டை கிளையில் கடன் இருக்க, ராயபுரம் கிளையில் புதுக் கணக்கு தொடங்குவது வீண் வேலை. வங்கியே வேறாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக்கு நாலரை மதிப்பெண் தரலாம். குறைந்தபட்ச இருப்பு கேட்காத சேமிப்புக் கணக்கு உண்டு, தபால்காரர் வீட்டுக்கே வந்து திறந்து தருவார், பணமும் கொடுப்பார். முக்கியமான காரணம் வேறு. பேமென்ட்ஸ் வங்கிகள் கடன் கொடுக்கவே கூடாது என்பது உரிமத்தின் விதி. கடனே இல்லாத இடத்தில் ஓ.டி. முளைக்காது. அரை மதிப்பெண் குறைந்தது விரல் ரேகைக்காக. மீன் வெட்டி, வலை பின்னித் தேய்ந்த விரல்களை அந்தச் சின்ன இயந்திரம் பல தடவை ஏற்காது. கையைக் கழுவித் துடைத்து வேறு விரலை வைத்துப் பார்க்கலாம்.

கணக்கு திறந்ததோடு வேலை முடியவில்லை. பாதிப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தோமோ அங்கே போகும். புது வங்கியில் அந்தச் சம்மதப் படிவத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும், கணக்கு திறக்கும்போது ஆதார் காட்டியது இதற்கு ஈடாகாது. மாறிவிட்டதா என்று மொபைலில் *99*99*1# போட்டு ஆதார் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். கணக்கு எண் வழியாக வரும் உதவித்தொகைக்கு, புதுப் பாஸ்புக் நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். இரண்டையும் செய்துவிடுங்கள். மனு நகராமல் கிடந்தால் ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. புதுக் கணக்கில் ஒரு மாதத் தொகை விழும்வரை பழைய கணக்கை மூடக் கேட்க வேண்டாம்.

வீட்டு வாசல் வங்கிச் சேவை பற்றிச் சுருக்கமாக. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் சொல்லிவிட்டது. பல பொதுத்துறை வங்கிகளில் ஒரு வருகைக்கு 75 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும், ஆக 88 ரூபாய் 50 காசு. 1,500 ரூபாயை எடுக்க இது கட்டுப்படியாகாது. ஸ்டேட்மென்ட் வாங்கவும் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) தாள் கொடுக்கவும் ஆட்டோக் கூலியோடு ஒப்பிட்டால் லாபம். ஸ்டேட் வங்கி மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் மூன்று வருகையை இலவசமாக அறிவித்திருக்கிறது. தானாகக் கிடைக்காது, கணக்கில் மாற்றுத்திறனாளி என்று பதிந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றரை மதிப்பெண்.

அடுத்து ஒருமுறைத் தீர்வு, வங்கிக்காரர் வாயில் ஓ.டி.எஸ்.: வங்கி கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பேசிய தொகையோடு கடனை முடித்துக்கொள்வது. லிமிட்டுக்கு மேல் 90 நாள் தொடர்ந்து நின்றாலோ, 90 நாள் வரவே இல்லாமல் போனாலோ, வந்த வரவு வட்டிக்கே போதாமல் இருந்தாலோ கணக்கு வாராக்கடன் ஆகும். பயமுறுத்தும் சொல்தான், ஆனால் தீர்வு பேசும் வாசல் அங்கேதான் திறக்கிறது. வாராக்கடன் ஆன பிறகு வங்கி வட்டியைக் கணக்கில் ஏற்றாமல் தனியே குறித்து வைக்கும். அதனால் பாஸ்புக் ஒரு தொகை சொல்லும், வங்கி கேட்பது வேறாக இருக்கும். உதாரணமாக, 53,000 ரூபாயில் வாராக்கடன் ஆன கணக்குக்கு மூன்று ஆண்டு 12 சதவீதத் தனிவட்டி 19,080 ரூபாய். கேட்பது 72,080, அதற்கு மேல் நோட்டீஸ் செலவு. பேச்சை 72,080லிருந்து தொடங்கினால் தோற்றுவிட்டோம். 'வாராக்கடன் ஆன தேதியில் பாக்கி எவ்வளவு, அதன் பிறகு குறித்த வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு' என்று மூன்றாகப் பிரித்து எழுத்தில் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் விதிப்படி அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. பழைய கடன்களுக்கும் இது 2024 முதல் பொருந்தும்.

கடிதத்தோடு வைக்க வேண்டியவை: மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை நகல், உதவித்தொகை ஆணை, இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்குக் கிடைக்கும் வருமானச் சான்றிதழ், ஆறு மாத மருந்து பில். வாடகை, மருந்து, அரிசி, கரன்ட் போக மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு அரைப் பக்கக் கணக்கு. மிஞ்சுவது 300 என்றால் 300 என்றே எழுதுங்கள், மேனேஜர் முகத்துக்காக 1,000 என்று ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதம் தவறுவது எல்லாவற்றையும் கெடுக்கும். உறவினர் யாராவது மொத்தமாக உதவ முடியும் என்றால் அதை முதல் கடிதத்தில் சொல்ல வேண்டாம். இந்தத் தீர்வை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அதனால் கிளையின் குணத்தைப் பொறுத்து இதற்கு இரண்டு மதிப்பெண்ணும் தரலாம், நாலும் தரலாம்.

கிளை மசியாவிட்டால் லோக் அதாலத், அதாவது இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றம். இந்த வரிசையில் முதலிடம் இதற்குத்தான். கட்டணம் இல்லை. வழக்கே போடாத நிலையிலும் கடனை இங்கே பேசி முடிக்கலாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிக்கு இலவச வழக்கறிஞர் தருகிறது, வருமான வரம்பு பார்க்காமல். இதைச் சொல்லாததால் பலர் வெளியே காசு கொடுத்து வக்கீல் வைக்கிறார்கள். சட்ட உதவித் தொலைபேசி 15100. உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போக வேண்டியிருந்தால் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ நல்லது. வண்டி மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்தில் லிப்டில் மேலே வந்துவிடலாம்.

அமர்வில் பேச்சு வேகமாக நடக்கும். பெரிய தலைமையகக் கொள்கை எதையும் விளக்க நேரம் இருக்காது, அந்த அரைப் பக்கக் கணக்கை நீட்டினால் போதும். ஆனால் கையெழுத்துக்கு முன் கடைசிப் பத்தியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'தவணை தவறினால் முழுத் தொகையும் வட்டியோடு' என்ற வரி அங்கே இருக்கும். லோக் அதாலத் தீர்ப்பு நீதிமன்ற ஆணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஒரு தவணை பிந்தினால் 15 நாள் சலுகை என்று அந்த வரியில் சேர்க்கக் கேட்கலாம், கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் தவறான எதிர்பார்ப்போடு போகிறவர்களே அதிகம். கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டால், அது வங்கியின் வணிக முடிவு என்று மனு தள்ளுபடியாகும். தப்பான அபராதம், கைநாட்டை ஏற்க மறுத்தது, கடிதத்துக்குப் பதிலே தராதது, இவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். முதலில் வங்கியில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்தச் சீல் போட்ட பிரதி இல்லாமல் இங்கே ஒன்றும் நகராது. கட்டணம் இல்லை, 14448இல் தமிழிலேயே கேட்கலாம். ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கு நேரில் அலைய வேண்டியதில்லை. மூன்று மதிப்பெண்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. போனில் வரும் 'கடன் தீர்வு' ஏஜென்சிகள்: 15100 இலவசமாகச் செய்வதற்குக் கட்டணம் வாங்குவார்கள். தண்டல் வாங்கி ஓ.டி.யை அடைப்பது அதைவிட மோசம். கையில் 9,000 வாங்கி தினம் 100 ரூபாய் நூறு நாள் கட்டினால், குறைந்துகொண்டே வரும் பாக்கியின் மேல் ஆண்டு வட்டி 70 சதவீதத்தைத் தாண்டும். 12 சதவீதக் கடனை அடைக்க அதை வாங்கலாமா? வங்கியின் வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. தண்டல்காரருக்கு அந்த விதியெல்லாம் கிடையாது.

பணம் கட்டி முடித்த அன்றே பாக்கியில்லாச் சான்று கேளுங்கள். தள்ளுபடியோடு முடித்தால் சிபிலில் (நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனத்தின் அறிக்கையில்) 'மூடப்பட்டது' என்று வராது, 'சமரசம்' என்றே வரும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல்தான். இன்னும் 'பாக்கி' என்றே காட்டினால் திருத்தக் கேட்டு 30 நாள் கழிந்த பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசம். மீதி செக் தாள்களையும் ஏ.டி.எம். கார்டையும் ஒப்படைத்து, கணக்கை மூடும் கடிதத்துக்குச் சீல் வாங்குங்கள். கார்டின் ஆண்டுக் கட்டணம் ஒன்று போதும், பூஜ்யத்தில் நிற்கும் கணக்கு மறுபடி மைனஸுக்குப் போக.